ஒரே வரியில் இன்ஸ்டால் பண்ணும் உத்தமர்களுக்கு...

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. நாள் பூரா ஆணி புடுங்கிட்டு வந்து, ராத்திரி பதினொன்றரை மணிக்கு வயித்தெரிச்சலோட தட்டிட்டு இருக்கேன். பொட்டி தட்டாத மக்களும் படிக்கலாம், புரியற மாதிரி எழுதப் பார்க்கறேன். பொட்டி தட்டறவங்க கண்டிப்பா படிங்க. ஏன்னா திட்டு உங்களுக்குத்தான். எனக்கும் சேர்த்துத்தான், ஆனா அது கடைசியில வரும்.

போன வாரம் ஒரு பழைய சர்வரை என் தலையில கட்டினாங்க. "பார்த்துட்டிருந்தவர் வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு, இனிமே இது உன்னோடது." சரின்னு உள்ள போனேன். ஏதோ ஒரு புரோகிராம் ஜம்முன்னு ஓடிட்டிருக்கு. இது எந்தப் பேக்கேஜ்ல இருந்து வந்ததுன்னு ஆர்.பி.எம் கிட்ட கேட்டேன். ஒரு சின்ன கமாண்ட், பின்னாடி ஃபைல் பேரு, அவ்ளோதான் வேலை. அது சொன்ன பதில்: இந்த ஃபைல் எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை.

அடுத்த ஃபைலைக் கேட்டேன். சொந்தமில்லை. அதுக்கு அடுத்தது? சொந்தமில்லை. இப்படியே மொத்தம் பதினேழு. யாரு வெச்சாங்க, எப்ப வெச்சாங்க, எங்கேருந்து எடுத்தாங்க, என்ன வெர்ஷன், ஒரு மண்ணும் தெரியாது. ஒரே ஒரு தடயம் மட்டும் ரூட்டோட பாஷ் ஹிஸ்டரியில கிடைச்சது. கர்ல், ஒரு முகவரி, ஒரு பைப், சூடோ பாஷ். அந்த முகவரியைத் திறந்து பார்த்தா அந்த தளமே இப்ப இல்ல. அவ்வ்வ்வ்வ்!

இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்னு கேக்கறீங்களா? அப்ப பேக்கேஜ் மேனேஜர்னா என்னன்னு முதல்ல பார்த்துடுவோம்.

ஒரு மளிகைக் கடையை நினைச்சுக்கோங்க. சரக்கு உள்ள வந்தா நோட்டுல ஏறும். எந்த மொத்த வியாபாரிகிட்ட வாங்கினது, என்ன தேதி, எத்தனை மூட்டை, எல்லாம் அதுல இருக்கும். நாளைக்கே இன்ன கம்பெனி எண்ணெய்ல கலப்படம்னு செய்தி வந்தா, முதலாளி நோட்டைப் புரட்டினாப் போதும், நம்ம கடையில அந்த எண்ணெய் இருக்கா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். சர்வர்ல அந்த நோட்டுதான் பேக்கேஜ் மேனேஜர். டெபியன், உபுண்டுல ஆப்ட்டும் டிபிகேஜியும். ரெட் ஹாட் குடும்பத்துல ஆர்.பி.எம், அதுக்கு மேல முன்னாடி யம், இப்ப டி.என்.எஃப்.

இது நேத்து முளைச்ச சமாச்சாரம் இல்ல. டிபிகேஜியும் ஆர்.பி.எம்மும் தொண்ணூறுகள்லயே வந்தாச்சு. 1999-ல வந்த டெபியன் 2.1-ல ஆப்ட்டும் சேர்ந்துடுச்சு. அதுக்கு முன்னாடி எல்லாரும் சோர்ஸை இறக்கி, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்னு மூணு மந்திரம் போட்டு, லைப்ரரி ஒண்ணு குறையுதுன்னு அழுது, அதை இறக்கி, அதுக்கு இன்னொண்ணு வேணும்னு மறுபடி அழுதவங்கதான். அந்த அழுகை போதும்னுதான் நம்ம முன்னோர்கள் உக்காந்து இதை எழுதினாங்க.

இந்த நோட்டு நாலு வேலை பாக்குது. ஒண்ணு, எந்த ஃபைல் யாருதுன்னு சொல்லும். ரெண்டு, எதுக்கு எது தேவைன்னு தெரிஞ்சு வெச்சிருக்கும். மூணு, வர்ற சரக்கு நிஜமாவே அந்த இடத்துல இருந்துதான் வருதான்னு கையெழுத்து சரிபார்க்கும். ஆப்ட்ல பேக்கேஜ் பட்டியலுக்கு டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பட்டியல்ல ஒவ்வொரு பேக்கேஜோட ஹாஷும் இருக்கும். நடுவுல எவனாவது மாத்தினா இன்ஸ்டால் ஆகாது. நாலு, வேண்டாம்னா சுத்தமா எடுத்துடும். இத்தனையும் ஓசி. இதை விட்டுட்டு ஒரு வரி ஸ்கிரிப்டுக்கு சூடோ போட்டுக் கொடுக்கறோமே, நம்மளை எதால அடிக்கறது?

சரி, ஒவ்வொரு ஆசாமியா வருவோம்.

ஆசாமி நம்பர் 1: கர்ல் பைப் பாஷ் பக்தர்

இவருக்கு எல்லாமே ஒரே வரிதான். ஏதோ ஒரு பக்கத்துல கறுப்புக் கட்டத்துக்குள்ள ஒரு வரி இருக்கும். அதைக் காப்பி பண்ணி, டெர்மினல்ல ஒட்டி, எண்டர் தட்டி, ரூட் பாஸ்வேர்டையும் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவார். அந்த ஸ்கிரிப்ட்ல என்ன இருக்குன்னு அவரும் பார்த்ததில்ல, அவங்க அப்பத்தாவும் பார்த்ததில்ல.

2011-ல பம்பிள்பீன்னு ஒரு சாப்ட்வேர். லேப்டாப்ல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருந்தா மாத்தி மாத்தி ஓட்டறதுக்கு. அதோட இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்ல ஒரு பழைய ஃபோல்டரை அழிக்கிற வரி. யு.எஸ்.ஆர்னு எழுதிட்டு, மீதிப் பாதைக்கு நடுவுல ஒரே ஒரு ஸ்பேஸ் கூடுதலா விழுந்துடுச்சு. விளைவு? அந்த ஃபோல்டர் மட்டும் போகல, யு.எஸ்.ஆர் மொத்தமும் காலி. ஒரு ஸ்பேஸுங்க! எழுதினவர் கெட்டவர் இல்ல. அசந்துட்டார், அவ்ளோதான். ஆனா கையில ரூட் அதிகாரத்தைக் கொடுத்தது யாரு? நாமதான். சொந்த செலவுல சூனியம்னா இதான்.

"நான் எச்.டி.டி.பி.எஸ் முகவரியில இருந்துதானே இறக்கறேன், பத்திரம்தானே"ன்னு சிலர் சொல்லுவாங்க. எச்.டி.டி.பி.எஸ் என்ன சொல்லும்? நீ பேசறது இன்ன சர்வரோடதான்னு சொல்லும். அந்த சர்வர்ல இருக்கற ஸ்கிரிப்டை ராத்திரியோட ராத்திரியா எவனாவது மாத்தினானான்னு அதுக்குத் தெரியாது. 2021-ல கோட்கவ் கதையில இதுதான் நடந்தது. அவங்க பாஷ் ஸ்கிரிப்டை ஜனவரி 31-ல எவனோ மாத்திட்டான். அதை ஓட்டினவங்களோட பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் வெளிய கசிஞ்சுட்டே இருந்தது. ஏப்ரல் 1 வரைக்கும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்சதும் எப்படி? ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரிப்டோட ஹாஷை ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகலயேன்னு கேட்டார். ரெண்டு மாசமா மத்தவங்க யாரும் செய்யாத அந்த ஒப்பிடற வேலையை ஆப்ட் ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேக்காமலே செய்யுது.

ஆசாமி நம்பர் 2: சூடோ பிப் சூரர்

இவர் பைத்தான்காரர். சென்ட்ஓஎஸ் 7-ல பைத்தான் 2.7 இருக்கும். "ஐயே, பழசு"ன்னு மூக்கைச் சுளிச்சுட்டு, பைத்தான்ங்கற பேரை எடுத்து பைத்தான் 3-க்குத் திருப்பி விட்டுடுவார். அடுத்த நாள் யம் ஓட்டினா சின்டாக்ஸ் எரர். ஏன்னா யம் எழுதப்பட்டதே பைத்தான் 2-லதான். உக்காந்திருந்த கிளையை வெட்டின கதை. இந்த ஒரே தப்பைப் பண்ணின மூணு பேரை எனக்கு நேர்லயே தெரியும். அதுல ஒருத்தர் எனக்கு சீனியர், ஹி ஹி.

இந்தத் தொல்லை தாங்காமத்தான் 2023-ல வந்த டெபியன் 12-ல, சிஸ்டம் பைத்தானுக்குள்ள பிப் போட்டா "இது வெளிய இருந்து நிர்வகிக்கப்படுற இடம், கை வைக்காதே"ன்னு நிறுத்திடறாங்க. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போடு, பிப்எக்ஸ் போடுன்னு வழியும் அங்கயே எழுதியிருக்கு. நம்ம ஆளு என்ன பண்றார்? அதே எரர்ல கீழ ஒரு ஆப்ஷன் இருக்கறதைப் பார்த்து அதைச் சேர்த்து ஓட்டறார். அந்த ஆப்ஷனோட பேரு என்ன தெரியுமா? பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ். சிஸ்டம் பேக்கேஜை உடைன்னு பேரே வெச்சிருக்கான் புண்ணியவான். அதையும் அச்சுப் பிசகாம டைப் பண்றாங்கய்யா! முடியல...

ஆசாமி நம்பர் 3: ஓடற வண்டியைத் தொடாதே தாத்தா

இவர் வேற ரகம். எதையும் புதுசா போட மாட்டார். எதையும் அப்டேட்டும் பண்ண மாட்டார். "நல்லா ஓடிட்டிருக்குல்ல தம்பி, ஏன் நோண்டற?" கேக்கறதுக்கு அனுபவசாலி மாதிரி இருக்கும். ஆயிரம் நாள் அப்டைம்னு பெருமையா ஸ்கிரீன்ஷாட் வேற போடுவார். ஆயிரம் நாளா கெர்னல் பேட்ச் எடுத்து ரீபூட் பண்ணலன்னு ஊருக்கே தண்டோரா போடறோம்னு அவருக்குத் தோணாது.

இவருக்கு 2017 ஈக்விஃபாக்ஸ் கதையைச் சொல்லணும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ல ஓட்டை இருக்குன்னு மார்ச் மாசம் அறிவிப்பு வந்தது, கூடவே சரி பண்ணின வெர்ஷனும் வந்தது. திருடங்க உள்ள புகுந்தது மே மாசம். கண்டுபிடிச்சது ஜூலை கடைசியில. சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரோட விவரம் போச்சு. அவங்க எச்சரிக்கையைக் கண்டுக்காம இருக்கல. உள்ளுக்குள்ள மெயில் போட்டாங்க, ஸ்கேன் பண்ணினாங்க. ஆனா அந்த மெயில் பட்டியலே பழசு, ஸ்கேனோட கண்ணுல அந்த இடம் படவே இல்ல. ஸ்ட்ரட்ஸ் அப்ளிகேஷனுக்குள்ள பொதிஞ்சு கிடக்கற ஜாவா லைப்ரரி. எங்க இருக்குன்னு நோட்டுல இல்லாத சரக்கு. தொடாம விட்டது ஒரு தப்புன்னா, எதைத் தொடணும்னே தெரியாம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு.

தாத்தாவுக்கு இன்னொரு பரிசு 2024 ஜூன் 30. அன்னிக்கு சென்ட்ஓஎஸ் 7-க்கு சங்கு ஊதினாங்க. பல வருஷம் கழிச்சு ஜூலையில யம் அப்டேட் அடிச்சவங்களுக்கு மிரர் பட்டியலே கிடைக்கல. பேக்கேஜ் எல்லாம் பழைய காப்பகத்துக்குப் போயாச்சு. நல்லா ஓடின வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூடிட்டாங்க தாத்தா.

எதிர்வாதம் இல்லாம இருக்குமா?

"டெபியன்ல எல்லாமே பழைய வெர்ஷன்." இதான் எல்லாரும் சொல்ற முதல் சாக்கு. வெர்ஷன் நம்பர் பழசு, ஒத்துக்கறேன். ஆனா உள்ள இருக்கறது பழசு இல்ல. 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட் வந்தப்ப ஓப்பன்எஸ்எஸ்எல்காரங்க சரி பண்ணி விட்டது 1.0.1ஜி. டெபியனும் ரெட் ஹாட்டும் 1.0.1ஈ-ங்கற பழைய நம்பரையே வெச்சுக்கிட்டு, அந்த ஓட்டையை மட்டும் அடைச்சு, பின்னாடி தங்களோட நம்பரை ஏத்தி விட்டாங்க. ஒரு அப்டேட், சம்பந்தப்பட்ட சர்வீஸ்களை ஒரு ரீஸ்டார்ட், வேலை முடிஞ்சது. ரீஸ்டார்ட் பண்ணாம விட்டவங்களுக்கு பழைய லைப்ரரி மெமரியிலயே உக்காந்திருக்கும்ங்கறது தனிக் கதை. அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லவும் நீட்ரீஸ்டார்ட்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. ஆனா சோர்ஸ்ல இருந்து கையால கட்டி வெச்சவங்க? எந்தெந்த மெஷின்ல எப்ப கட்டினோம்னு அவங்களேதான் யோசிச்சு யோசிச்சுத் தேடணும்.

நிஜமாவே புது வெர்ஷன் வேணுமா? பேக்போர்ட்ஸ் இருக்கு, ஈபெல் இருக்கு, சாப்ட்வேர் எழுதினவங்களே நடத்தற ரெப்போ இருக்கு. எதுவுமே இல்லையா, நீங்களே ஒரு பேக்கேஜ் கட்டுங்க. ஸ்பெக் ஃபைல் எழுதப் பழகறதுக்கு ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

"அப்டேட் பண்ணினா உடைஞ்சிடும்." உடையும்தான். அதுக்குத்தான் முன்னாடியே ஒத்திகை பார்க்க ஆப்ட்ல வசதி இருக்கு, எதெல்லாம் மாறும்னு சொல்லும், எதையும் தொடாது. ஒரு பேக்கேஜ் மட்டும் நகரக் கூடாதுன்னா ஹோல்ட் போடலாம். யம், டி.என்.எஃப்ல ஹிஸ்டரி பார்த்து போன தடவை பண்ணினதை அண்டூ பண்ணிப் பார்க்கலாம். கர்ல் பைப் பாஷ்ல அண்டூ எங்க இருக்குன்னு காட்டுங்க, நான் இந்தப் பதிவையே தூக்கிடறேன்.

"நாங்க எல்லாம் கன்டெய்னர் தல." சந்தோஷம். கன்டெய்னர் இமேஜுக்குள்ள இருக்கறது என்ன, ஆகாயமா? அதே டெபியன், அதே ஓப்பன்எஸ்எஸ்எல். ரெண்டு வருஷம் முன்னாடி கட்டின இமேஜ்ல ரெண்டு வருஷம் முன்னாடி இருந்த ஓட்டை அப்படியே ஊறுகா மாதிரி இருக்கும். டாக்கர்ஃபைல்லயும் கர்ல் பைப் பாஷ்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அதைப் பத்தி நான் பேசவே இல்ல.

"அப்ப எக்ஸ்இசட்?" இது நியாயமான கேள்வி. 2024 மார்ச் 29-ல ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிய சொன்னார். எஸ்.எஸ்.எச் லாகின் அரை செகண்ட் போல தாமதமாகுதேன்னு தோண்டப் போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் பின்கதவு இருக்கறதைக் கண்டுபிடிச்சார். அந்த விஷம் முறையான பேக்கேஜா, முறையான கையெழுத்தோடதான் டெபியனோட சோதனைக் கிளைகளுக்குள்ள வந்தது. மறைக்கல. நோட்டு வெச்சிருந்தா விஷம் வரவே வராதுன்னு நான் சொல்லல. ஆனா அன்னிக்கு ராத்திரி என்ன நடந்தது? உலகம் பூரா அட்மின்கள் ஒரே ஒரு கமாண்ட் அடிச்சு, என்கிட்ட எந்த வெர்ஷன் இருக்குன்னு பார்த்துட்டுத் தூங்கப் போனாங்க. டெபியன் ஸ்டேபிள்ல அந்த வெர்ஷன் வரவே இல்ல. எதைப் பழசுன்னு கிண்டல் பண்ணினோமோ அந்த நிதானம்தான் காப்பாத்துச்சு. கையால கட்டி வெச்சவங்களுக்கு மட்டும்தான் அன்னிக்கு சிவராத்திரி.

இப்ப என் கதை

2019-ல காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. கிளையன்டுக்கு டி.எல்.எஸ் 1.3 வேணுமாம். சர்வர் சென்ட்ஓஎஸ் 7, அதுல ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2. அதுக்கு 1.3 பேசத் தெரியாது, 1.1.1 வேணும். சும்மா இருப்பேனா? 1.1.1 சோர்ஸை இறக்கினேன், என்ஜின்எக்ஸ் சோர்ஸை இறக்கினேன், அதை இதுக்குள்ள பொதிஞ்சு கட்டி, யு.எஸ்.ஆர் லோக்கல்ல போட்டேன். ஓடுச்சு. டீம்ல கை தட்டினாங்க. எங்கயும் ஒரு வரி எழுதி வைக்கல. ஆறு மாசத்துல வேற புராஜெக்டுக்குப் போயிட்டேன்.

2021 மார்ச் 25. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ல ஒரு பெரிய ஓட்டைன்னு அறிவிப்பு, 1.1.1கே-ல சரி பண்ணியாச்சு, 1.0.2-ஐ இது பாதிக்காதுன்னும் அதுலயே போட்டிருந்தது. அப்ப அந்த சர்வரைப் பார்த்துட்டிருந்தது ஒரு தம்பி, சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. பொறுப்பான பையன். ஆர்.பி.எம் கிட்ட கேட்டான், 1.0.2-ன்னு வந்தது. "நமக்குப் பாதிப்பில்லை"ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டான். அவன் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. நோட்டுல இருந்ததைத்தான் சொன்னான்.

அடுத்த மாசம் கிளையன்டோட ஆடிட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க ரிப்போர்ட் 1.0.2-ன்னு சொல்லுது. 1.0.2-க்கு டி.எல்.எஸ் 1.3 தெரியாது. உங்க சர்வர் எங்களோட 1.3-ல பேசுதே, எப்படி?"

அந்த ஓட்டை எங்க என்ஜின்எக்ஸை நிஜமாவே கவுத்திருக்குமாங்கறது வேற விஷயம். அதைப் பத்தி யாரும் பேசல. எழுதிக் கொடுத்தது பொய்னு ஆயிடுச்சு, அதுதான் பேச்சு. தம்பியோட பேரைப் போட்டு நீளமா ஒரு மெயில் வந்தது. சிசியில நானும் இருந்தேன். வாயைத் திறக்கல. அப்ரைசல் நேரம். நாலு நாள் கழிச்சு மனசு கேக்காம எங்க லீடைத் தனியாக் கூப்பிட்டு, அது நான் கட்டினதுன்னு சொன்னேன். "சரி விடு, முடிஞ்சு போச்சு"ன்னார். அதுக்குள்ள தம்பியை அந்த புராஜெக்ட்ல இருந்து தூக்கியாச்சு.

அன்னிக்கு நான் ஒரு ஸ்பெக் ஃபைல் எழுதி, உள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 பொதிஞ்சிருக்குன்னு ஒரே ஒரு வரி சேர்த்து, ஆர்.பி.எம்மா போட்டிருந்தா தம்பி தேடினப்ப அது கண்ணுல பட்டிருக்கும். அரை நாள் வேலை. அதைச் செய்யாததுக்கு விலை கொடுத்தது நான் இல்ல. ஒரே வரி இன்ஸ்டால்ல எப்பவும் இப்படித்தான். சிக்கனம் நமக்கு, பில்லு பின்னாடி வர்றவனுக்கு.

அதனால சொல்றேன் மக்களே. நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க சர்வர்ல யு.எஸ்.ஆர் லோக்கலையும் ஆப்ட் ஃபோல்டரையும் திறந்து பாருங்க. அங்க ஓடறதுல எதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லைன்னு வருதோ, அதை ஒரு பேப்பர்ல எழுதுங்க. பேக்கேஜா மாத்த முடிஞ்சதை மாத்துங்க. முடியாததை, என்ன, எங்கேருந்து, எந்த வெர்ஷன், யாரு போட்டதுன்னு நாலு வரி எழுதி, அடுத்து வர்றவன் கண்ணுல படற இடத்துல வைங்க. செக்யூரிட்டி அப்டேட் மட்டுமாவது தானா நடக்கட்டும், டெபியன்ல அதுக்கு அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்னு பேக்கேஜே இருக்கு.

நான் அந்தப் பதினேழு அனாதைல இதுவரைக்கும் ஒன்பதுக்கு வீடு பிடிச்சுட்டேன். மீதி எட்டு இருக்கு. தூக்கம் வருது, நாளைக்குப் பார்ப்போம்.

டிஸ்கி 1: இதுல வர்ற ஆசாமிகள் யாரையும் குறிப்பிடறது இல்ல. உங்களை மாதிரியே இருந்தா, நீங்கதான்.

டிஸ்கி 2: அந்தத் தம்பி இப்ப வேற கம்பெனியில நல்லா இருக்கான். போன வருஷம் ஒரு கல்யாணத்துல பார்த்தப்ப விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அண்ணே, அது நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும். பாஷ் ஹிஸ்டரி பார்த்தேன்"ன்னான்.